நெல் சல்லடைத் தகட்டில் ஓர் உட்கூரை

தஞ்சை மாவட்டப் பாபநாசத்தை அடுத்த எங்கள் ஊரில், வீட்டு மாடியில் 20 அடி நீளம், 16 அடி அகலம், 11 அடி உயரத்தில் ஒரு கூடம் இருக்கிறது. என் மனைவியின் தம்பி தவில் வாசிப்பவர். கலியாண முகூர்த்தம் இல்லாத நாட்களில் அவர் அங்கே ஆறேழு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறார். மேலே காங்கிரீட் தளம், நாற்புறமும் சிமெண்டுப் பூச்சு, கீழே டைல்ஸ் என்று ஒலியை விழுங்கும் பொருள் எதுவுமே இல்லாத அறை அது. விரல்களில் கூடு மாட்டிக்கொண்டு ஒரு பிள்ளை தவிலின் வலப்பக்கமான வலந்தலையில் விரைவாக நான்கு தாளச்சொல் வாசித்தால், முதல் சொல்லின் வால் நான்காம் சொல்லின் மேல் வந்து ஏறிக்கொள்ளும். யார் கை பிசகியது என்று ஆசிரியருக்கே தெரியாமல் போகும்.

இதற்கு என்ன தேவை என்பதை முதலில் தாளில் கணக்கிட்டுப் பார்த்தேன். அமெரிக்க இயற்பியலாளர் வாலஸ் சேபின் வகுத்த சூத்திரம் எளிமையானது. அறையின் கன அளவைக் கன மீட்டரில் எடுத்து 0.161-ஆல் பெருக்கி, அறையின் பரப்புகள் உறிஞ்சும் மொத்த அளவால் வகுத்தால், ஒலி அடங்க ஆகும் நேரம் விநாடிகளில் கிடைக்கும். எங்கள் கூடத்தின் கன அளவு ஏறத்தாழ 100 கன மீட்டர், சுவர், தரை, தளம் எல்லாம் சேர்ந்த பரப்பு 133 சதுர மீட்டர். இத்தகைய கெட்டியான பரப்புகள் தம்மீது விழும் ஒலியில் நூற்றுக்கு நான்கு பங்கை உறிஞ்சும் என்று கொண்டால், விடை 3 விநாடி. தளத்துக்குக் கீழே ஓர் உட்கூரையைத் தொங்கவிட்டு, அது முழுவதும் நூற்றுக்கு 80 பங்கை உறிஞ்சும்படி செய்துவிட்டால் அதுவே 0.6 விநாடிக்கு இறங்கும்.

உறிஞ்சுவது, பாறையை உருக்கி இழைத்த பஞ்சாலான ராக்வூல் பலகை. அதை அப்படியே தலைக்கு மேல் தொங்கவிட முடியாது. நார் உதிரும், பார்க்கவும் நன்றாக இராது. ஆகவே அதன் கீழே ஒலியைத் தடுக்காமல் உள்ளே விடும் துளைத்தகடு வேண்டும். துளைப்பரப்பு 20 விழுக்காட்டுக்குக் கீழே போனால் தகடே கூர்மையான ஒலிகளைத் திருப்பி அனுப்பத் தொடங்கும் என்பதால், 30 விழுக்காட்டுக்கு மேல் இருக்கட்டும் என்று முடிவு செய்தேன். ஒன்றுவிட்டு ஒன்று மாறி அமைந்த வட்டத் துளைகளுக்கு இதைக் கணக்கிடுவது எளிது. துளையின் விட்டத்தை இரண்டு துளை மையங்களுக்கு இடையிலான தூரத்தால் வகுத்து, அதன் வர்க்கத்தை 90.69-ஆல் பெருக்கினால் விழுக்காடு வரும். 3 மி.மீ. துளையும் 5 மி.மீ. இடைவெளியும் உள்ள தகட்டில் அது 32.6. நான் தேடிப் புறப்பட்டது இந்தத் தகட்டைத்தான்.

முதலில் கேட்டது ஆயத்த உலோக உட்கூரை போடுபவர்களிடம். தகடு, சட்டம், பஞ்சு, கூலி எல்லாம் சேர்த்துச் சதுர அடிக்கு 300 ரூபாய் என்றார்கள். 320 சதுர அடிக்கு 96,000 ரூபாய். பொருளில் குறையில்லை. ஆனால் ஏழு பிள்ளைகள் தவில் பழகும் மாடிக்கு அந்தத் தொகை அதிகம்.

அடுத்து திருச்சிக்குப் போனேன். பெல் நிறுவனம் வந்த காலத்திலிருந்து துவாக்குடி, அரியமங்கலம் பக்கங்களில் தகட்டு வேலைப் பட்டறைகள் பெருகியிருக்கின்றன. எந்த வடிவத்தையும் லேசரில் வெட்டித் தருகிறார்கள். வெறும் தகட்டை வாங்கிக் கொடுத்துத் துளையிட்டு வாங்கிக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். ஒரு பட்டறையில் வரைபடத்தைக் கணினியில் ஏற்றிப் பார்த்த இளைஞர் என்னை ஒரு முறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, “சார், எத்தனை ஓட்டை வருதுன்னு எண்ணிப் பார்த்தீங்களா?” என்று கேட்டார். அந்த இடைவெளியில் ஒரு சதுர மீட்டருக்கு 46,000 துளைகளுக்கு மேல் வரும். பத்துத் தகடுகளுக்கு ஏறத்தாழ 13½ லட்சம். லேசர் ஒவ்வொரு துளையிலும் முதலில் தகட்டைக் குத்தி, பிறகு வட்டத்தைச் சுற்றி வெட்ட வேண்டும். சுற்றளவுகளை எல்லாம் கூட்டினால் வெட்டும் நீளமே 13 கிலோமீட்டருக்கு அருகில் வருகிறது. அவர் சொன்ன கூலி தகட்டின் விலையைப் போலப் பல மடங்கு. நியாயமான கூலிதான். பெரிய பூவேலை ஜன்னலுக்கு ஏற்ற கருவியைக் கொண்டு சல்லடை செய்யச் சொன்னது என் பிழை. துளைத்தகட்டை மலிவாகச் செய்வது, ஒரே அடியில் ஒரு வரிசைத் துளைகளைக் குத்தித் தள்ளும் அழுத்த இயந்திரம். அத்தகைய ஆலைகள் கிடங்கில் வைத்து விற்கும் அளவுகளுக்குள் நம் தேவையைப் பொருத்திக்கொள்வதே சிக்கனம் என்பது அன்று பேருந்தில் திரும்பும்போதுதான் உறைத்தது.

சென்னையில் செம்புதாஸ் தெருப் பக்கத்துக் கடைகளில் தொலைபேசியில் விசாரித்தபோது தகடு இருந்தது. ஆனால் 8 அடிக்கு 4 அடித் தகடுகளை மரச்சட்டம் கட்டாமல் லாரி பார்சலில் போட்டால் மூலைகள் மடங்கி வரும் என்று கடைக்காரரே எச்சரித்தார். சட்டம் கட்டும் செலவும் லாரி வாடகையும் சேர்ந்ததும் விலையின் மலிவு கரைந்துவிட்டது.

அப்போது வீட்டுக்கு வந்த மைத்துனர், நான் மேசையில் வைத்திருந்த மாதிரித் துண்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதுக்கா அத்தான் திருச்சிக்கும் மெட்ராசுக்கும் அலையிறீங்க? இது நம்ம ரைஸ் மில் சல்லடைதானே!” என்றார்.

டெல்டாவில் பிறந்து வளர்ந்தவனுக்கு இது தோன்றாமல் போனதற்கு நான் இன்னும் வெட்கப்படுகிறேன். நெல் சுத்தம் செய்யும் இயந்திரத்தின் மேல் சல்லடை வைக்கோல் துணுக்குகளையும் மண்கட்டிகளையும் நிறுத்திக்கொண்டு நெல்லைக் கீழே விடும். கீழ்ச் சல்லடை நெல்லைத் தாங்கிக்கொண்டு மணலை உதிர்க்கும். சம்பா அறுவடைக்குச் சற்று முன் வயலில் தெளித்த தரிசு உளுந்தும் பயறும் பங்குனி, சித்திரையில் வீட்டுக்கு வந்ததும், அவற்றைச் சலிக்கவும் துளைத்தகடே வேண்டும். ஆகவே ஆலை உதிரிபாகம் விற்கும் கடைகளில் இந்தத் தகடு மிளகாய், மல்லியைப் போல நித்தியச் சரக்கு. ‘அலங்கார உட்கூரைத் தகடு’ என்று கேட்டால் ஒரு விலை, ‘சல்லடைத் தகடு’ என்று கேட்டால் வேறு விலை.

ஆனாலும் நேரே கடைக்குப் போகாமல், மூடிக் கிடந்த ஓர் அரிசி ஆலையின் பழைய சல்லடைகளை எடைக்கு வாங்கப் பார்த்தேன். அங்கே அரை நாள் வீணானது. உமியில் சிலிக்கா மிகுதி. ஆண்டுக்கணக்கில் நெல் உரசிய தகடு அரத்தால் தேய்த்ததுபோல் ஆகிவிடுகிறது. பல இடங்களில் வட்டத் துளை நீள்வட்டமாகி, இரண்டு துளைகளுக்கு நடுவிலிருந்த பாலம் பிளேடு முனையாக மெலிந்திருந்தது. ஒரே அளவில் நான்கு தகடுகூடத் தேறவில்லை. பழையதை எடைக்கு வாங்க நினைப்பவர்கள் தகட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பதோடு, விரலால் தடவாமல் ஒரு பழைய துணியால் தடவிப் பார்க்கவும். நூல் சிக்கினால் அதை விட்டுவிடலாம்.

கும்பகோணத்துக் கடைக்கு நாங்கள் போனது ஆடி மாதத் தொடக்கம். மைத்துனருக்குக் கலியாண வாசிப்பு இல்லை. கடைக்காரரும் குறுவை அறுவடைக்கு முன் ஆலைகள் சல்லடை மாற்றும் என்பதால் சரக்கை நிரப்பி வைத்துவிட்டு ஓய்வாக உட்கார்ந்திருந்தார். கும்பகோணத்தைச் சுற்றி உலோகத்துக்குப் பஞ்சமில்லை. சுவாமிமலையில் சிலை வார்க்கிறார்கள், நாச்சியார்கோவிலில் குத்துவிளக்கு வார்க்கிறார்கள். அந்தப் பெருமைகளுக்கு நடுவே ஒரு சந்துக்குள், தரையோடு தரையாகச் சாய்த்து வைத்திருந்த, துத்தநாகம் பூசிய இரும்பாலான ஜி.ஐ. சல்லடைத் தகட்டைத் தேடிப் போனோம். 3 மி.மீ. துளை, 5 மி.மீ. இடைவெளி, 0.8 மி.மீ. கனம், 8 அடிக்கு 4 அடி. உளுந்து சலிக்கப் போகும் சரக்கு என்றார்.

விலை பேசும்போது ஒரு நுணுக்கம் புரிந்தது. இந்தத் தகடு கிலோ கணக்கில்தான் விலை சொல்லப்படுகிறது. ஆனால் எந்த கிலோ என்பதை யாரும் தாமாகச் சொல்வதில்லை. துளையிடாத 0.8 மி.மீ. தகடு 8 அடிக்கு 4 அடியில் 18.7 கிலோ இருக்கும். மூன்றில் ஒரு பங்கு துளையாகப் போன பிறகு 12.6 கிலோதான். நான் முன்பே விசாரித்திருந்த ஒரு கடை கிலோ 112 ரூபாய் என்றது, கும்பகோணத்தில் 144 ரூபாய் என்றார்கள். முதல் கடை மலிவு என்று எண்ணித் திரும்பியிருப்பேன். அங்கே கணக்கு துளையிடுவதற்கு முந்தைய எடைக்கு, இங்கே கணக்கு தராசில் ஏறும் எடைக்கு. தகடு ஒன்றுக்கு முதல் கடையில் 2,094 ரூபாயும் இங்கே 1,814 ரூபாயும் ஆனது. அதிலிருந்து நான் யாரிடமும் கிலோ விலை கேட்பதில்லை. ஒரு தகடு வரி உட்பட என்ன விலை என்றுதான் கேட்கிறேன். 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. சேர்த்து 11 தகடுகளுக்கு 23,500 ரூபாய்க்குச் சற்று மேல் ஆயிற்று. பத்துதான் தேவை, ஒன்று கைப்பிழைக்கு.

ஜி.ஐ. தகட்டைத் தேர்ந்தது எங்கள் ஊர் கடலிலிருந்து தள்ளி இருப்பதால். துளையிடும்போது ஒவ்வொரு துளையின் விளிம்பிலும் துத்தநாகப் பூச்சு அறுபட்டு இரும்பு வெளியே தெரிகிறது. சுற்றியுள்ள துத்தநாகம் மெல்லிய தகட்டில் அதை ஓரளவு காக்கும், மேலே பூசும் வண்ணம் மீதியைப் பார்த்துக்கொள்ளும். நாகப்பட்டினத்திலோ வேளாங்கண்ணியிலோ வீடு இருந்தால், உப்புக் காற்றை நினைத்து, விலை கூடினாலும் அலுமினியத்தைத்தான் வாங்கியிருப்பேன். அதே கன அளவுக்கு அதன் எடை மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே மேல் என்பதும் ஒரு வசதி.

கடையிலேயே ஒவ்வொரு தகட்டையும் தரையில் படுக்க வைத்துப் பார்த்தோம். துளையிட்ட தகடு உள்ளிழுவிசையால் படகைப்போல் வளைவதுண்டு. உருளைகளுக்கு நடுவே விட்டுச் சமன்படுத்தியிருந்தால் தரையோடு ஒட்டி நிற்கும். இரண்டு தகடுகளை மாற்றிக் கேட்டோம், முகம் சுளிக்காமல் மாற்றித் தந்தார். பிறகு ‘குட்டி யானை’ ஒன்றைப் பிடித்து, அடியில் பழைய பிளைவுட் பலகை போட்டு ஊருக்குக் கொண்டுவந்தோம்.

தகட்டை எந்த அளவில் நறுக்குவது என்பதில் அளவுகளே துணை நின்றன. பிளைவுட் கடைகளில் கிடைக்கும் சாதாரண டி சட்டம் 600 மி.மீ. சதுரக் கட்டங்களாக அமைவது. அதற்குள் 595 மி.மீ. சதுரத் தகடு உட்காரும். 2,440-க்கு 1,220 மி.மீ. தகட்டிலிருந்து அத்தகைய சதுரங்கள் சரியாக எட்டு வரும். கூடத்தின் ஒரு பக்கம் பத்துக் கட்டம், மறு பக்கம் எட்டுக் கட்டம், ஆக 80 சதுரங்கள், பத்துத் தகடு. சுவரோரம் எஞ்சும் நான்கைந்து சென்டிமீட்டருக்கு ஜிப்சம் பலகைக் கீற்று. நறுக்கிய ஓரம் துளைகளின் ஊடே போவதால் ரம்பம்போல் பல் பல்லாக நிற்கும். டி சட்டத்தின் விளிம்பு அதை மறைத்துவிடுகிறது.

இந்தக் கணக்கின் அழகில் மயங்கி ஒன்றைக் கவனிக்கவில்லை. முதல் சதுரத்தைச் சட்டத்தில் வைத்து, மேலே 50 மி.மீ. ராக்வூலையும் வைத்ததும், நடுவில் 7 மி.மீ. தொய்ந்தது. கீழே நின்று பார்த்தால் அப்பளம் வெந்ததுபோல் தெரிந்தது. ஆயத்தத் தகடுகளின் ஓரங்களை மடித்திருப்பது இதற்காகத்தான். மடிப்புக்கு இருபுறமும் 10 மி.மீ. விட்டால் சதுரம் 615 மி.மீ. ஆகும், அப்போது தகட்டின் அகலத்தில் இரண்டு வராது, ஒன்றுதான் வரும். பத்துத் தகட்டு வேலை இரண்டு மடங்குக்கு மேல் போய்விடும். ஆகவே தகட்டைத் தட்டையாகவே வைத்து, ஒவ்வொன்றின் முதுகிலும் நடுவே ஒரு ஜி.ஐ. எல் பட்டியை மூன்று பாப் ரிவெட்டால் பிணைத்தோம். 3 மி.மீ. துளைக்குள் 3.2 மி.மீ. ரிவெட் நுழையாது. அந்தத் துளைகளை மட்டும் 3.3 மி.மீ. துரப்பணத் தண்டால் சற்றே அகற்ற வேண்டியிருந்தது. பஞ்சின் எடையும் தகட்டின் மேல் ஏறாதபடி, சட்டத்துக்கு மேலே கோழி வலையைக் கட்டி அதில் பஞ்சைக் கிடத்தினோம். தொய்வு கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் குறைந்தது.

வண்ணப் பொடியைப் படியவைத்துச் சூளையில் உருக்கி ஒட்டும் பவுடர் கோட்டிங்கில்தான் நான் எதிர்பாராத தொல்லை. துளைத்தகட்டுக்கு இரண்டு முகம் உண்டு. அச்சு இறங்கிய பக்கம் வழவழப்பாகவும் வெளியேறிய பக்கம் பிசிறோடும் இருக்கும். வழவழப்பான முகம்தான் கீழே தெரிய வேண்டும். துளை வரிசைக்குத் திசையும் உண்டு. ஒரு திசையில் துளைகள் 5 மி.மீ.க்கு ஒன்றாக நேர்கோட்டில் நிற்கும், அதற்குக் குறுக்கே பார்த்தால் ஒன்றுவிட்டு ஒன்று விலகி நிற்கும். சதுரத்தைக் கால்வட்டம் திருப்பி மாட்டிவிட்டால், சாய்வான வெளிச்சத்தில் அது மட்டும் வேறு நிறம்போல் தனித்துத் தெரியும். இரண்டையும் முன்யோசனையோடு ஒவ்வொரு சதுரத்தின் முதுகிலும் சாக்குக்கட்டியால் அம்புக்குறியிட்டுத்தான் அனுப்பினேன். எண்ணெய் போக்கும் தொட்டியில் முக்கியதும் எண்பது அம்புகளும் கரைந்துபோயின. ஒன்பது சதுரங்கள் பிசிறு முகத்தில் வண்ணம் ஏறி வந்தன. அவற்றைத் திரும்ப அனுப்பி மறு பக்கமும் பூசி வாங்கினேன். மூலையில் அரத்தால் ஒரு சிறு வெட்டுக் கொடுத்திருந்தால் எந்தத் தொட்டியாலும் அதை அழித்திருக்க முடியாது. டி சட்டத்துக்குள் மறைந்தும் போயிருக்கும்.

துத்தநாகப் பூச்சுள்ள தகட்டை அப்படியே பூசிச் சூளையில் வைத்தால், உள்ளிருந்து வெளியேறும் வாயு வண்ணப் படலத்தில் குண்டூசிமுனைக் குழிகளை உண்டாக்கலாம் என்பதையும் அங்கேதான் கண்டேன். முதல் நான்கு மாதிரிகளில் இரண்டு அப்படி வந்தன. பூசுபவர் மீதியை வெறுமையாகவே ஒரு முறை சூடேற்றி எடுத்த பின்பு பூசினார், குழிகள் வரவில்லை.

பொருத்துவது நான்கு நாள் வேலை. காங்கிரீட்டில் ஆங்கர் போல்ட் இறக்கி, தளத்திலிருந்து 20 சென்டிமீட்டர் கீழே சட்டத்தைத் தொங்கவிட்டோம். மரத் தூலத்தின் மேல் செங்கல் அடுக்கிய பழைய மெட்ராஸ் தளமாக இருந்திருந்தால் இந்த முறை ஆகாது. ஒலி அலையின் நீளத்தில் கால் பங்கு ஆழம் வேண்டும் என்ற கணக்குப்படி, 20 சென்டிமீட்டர் ஆழம் சுமார் 430 ஹெர்ட்ஸும் அதற்கு மேலும் உள்ள ஒலிகளை நன்றாக உறிஞ்ச உதவும். வலந்தலையின் கூர்மைக்கு அது போதும், தவிலின் இடப்பக்கமான தொப்பியில் பூவரசங்கோல் எழுப்பும் தாழ்ந்த ஒலிக்கு அவ்வளவாகப் போதாது. இன்னும் இறக்கினால் மின்விசிறி தலைக்கு மிக அருகில் வந்துவிடும் என்பதால் அங்கேயே நிறுத்திக்கொண்டேன். பஞ்சுக்கும் தகட்டுக்கும் நடுவே நார் உதிராமல் கறுப்பு நான்-ஓவன் துணி. ராக்வூலை வெட்டும் நாளில் முழுக்கைச் சட்டையும் முகக்கவசமும் கட்டாயம், இல்லையேல் இரவு முழுவதும் அரிப்பு. வயல்வெளி வீடு என்பதால் எலிக்குப் பயந்து, மின்கம்பி நுழையும் இடங்களையும் சுவரோர இடுக்குகளையும் கம்பி வலையும் சிமெண்டும் வைத்து அடைத்தோம்.

மொத்தச் செலவு 58,000 ரூபாய். தகட்டுக்கு 23,500, நறுக்கக் கூலி 1,600, பவுடர் கோட்டிங் 7,200, டி சட்டமும் தொங்குகம்பிகளும் 9,000, ராக்வூலும் துணியும் 9,400, பொருத்துக்கூலி 6,000, வண்டி வாடகை 1,300. ஆடி வெயிலில் தளம் இறக்கும் வெப்பமும் குறைந்தது கணக்கில் எழுதாத வரவு.

முடிந்த அன்று நடுக்கூடத்தில் நின்று கை தட்டினேன். மேலிருந்து எதுவும் திரும்பவில்லை. ஆனால் எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே ஒரு மெல்லிய படபடப்பு மட்டும் ஓடி அடங்கியது. சேபினின் கணக்கு ஒலி எல்லாத் திசையிலும் சமமாகக் கலப்பதாக எடுத்துக்கொள்கிறது. உறிஞ்சுவது எல்லாம் உச்சியில் மட்டும் இருந்தால், இரண்டு வெற்றுச் சுவர்கள் தமக்குள் பந்தாடிக்கொள்வதை அது தடுக்காது. ஒரு நீளச் சுவரில் பழைய ஜமக்காளங்கள் இரண்டைக் கொசுவம் கொசுவமாக மடித்துத் தொங்கவிட்டதும் அந்தப் படபடப்பு பெரிதும் நின்றது.

பிள்ளைகளின் கை இப்போது துல்லியமாகக் கேட்கிறது. மைத்துனருக்குத்தான் குறை. பத்து நாள் வாசித்துப் பார்த்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு அத்தான், ஆனா நான் வாசிக்கிறப்ப நாதம் மேலேயே போய் ஒட்டிக்குது. கூடுதலா அடிக்க வேண்டியிருக்கு” என்றார். அவர் அமரும் பக்கத்தில் இரண்டு வரிசைகளின் பதினாறு சதுரங்களுக்கு மேலிருந்த பஞ்சை மட்டும் எடுத்துவிட்டு, துணியையும் தகட்டையும் பழையபடியே வைத்தோம். கணக்குப்படி அடங்கும் நேரம் 0.6-இலிருந்து 0.7 விநாடிக்குப் போயிருக்க வேண்டும். மறுநாள் அரை மணி நேரம் வாசித்தவர் அதைப்பற்றி ஒன்றும் பேசாமல் அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார். எடுத்த பஞ்சும், கைப்பிழைக்கு வாங்கிய பதினோராவது தகடும் பரண்மேல் இருக்கின்றன. சித்திரையில் உளுந்து வந்தால் அந்தத் தகட்டுக்கு மரச்சட்டம் அடித்துச் சல்லடையாக்கித் தரும்படி என் மனைவி சொல்லியிருக்கிறாள்.